மறுகா அந்த வீடு என்ன ஆனது?

மெய்யழகன் படம் தொடங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். தஞ்சாவூரில் பரம்பரை வீட்டை உறவுகளிடம் இழந்துவிட்டு ஒரு குடும்பம் புறப்படுகிறது. அந்த வீட்டுப் பையன் அருள்மொழி வீட்டிடம் விடைபெறுகிறான். என் கணவர் எழுந்து குசினிப் பக்கம் போனார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். நேரமாகியும் வரவில்லை. படத்தை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தேன். விளக்கைப் போடாமல் பின்கதவு வாசலில் நின்றுகொண்டிருந்தார். முகம் நனைந்திருந்தது. திருமணமாகிப் பதினெட்டு வருடங்களில் அவர் அழுது நான் பார்த்தது இரண்டு முறைதான், இரண்டும் மரண வீடுகளில்.

"என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"எங்கள் வளவு விளாமரம் ஞாபகம் வந்தது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அது இப்போது தங்கச்சியின் வீடு" என்றார்.

மட்டக்களப்பாருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும், தமிழரிடையேயும் சரி முஸ்லிம்களிடையேயும் சரி, வீடு மகளுக்குரியது. குடி என்னும் வம்சப் பிரிவும் தாய்வழியில் வருகிறது. மூத்த மகளுக்குத் திருமணம் பேசும்போது, தாய் குடியிருக்கும் வீட்டையே பெரும்பாலும் அவள் பெயருக்குச் சீதனமாக எழுதுவார்கள். மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். பெற்றோரும் மற்றப் பிள்ளைகளும் சில காலம் கூட இருந்துவிட்டு, அதே வளவிலோ (வீட்டைச் சுற்றிய காணி) பக்கத்து வளவிலோ இன்னொரு வீடு கட்டிக்கொண்டு நகர்வார்கள். அந்த இரண்டாவது வீடு அடுத்த மகளுக்குப் போகும். இப்படி மகள்மாருக்குக் கொடுத்துக்கொடுத்து நகர்ந்து, வளவின் ஒரு மூலையில் கடைசியாக ஒரு சிறு அறையில் கிழவனும் கிழவியும் இருப்பதை எங்கள் ஊர்களில் நீங்கள் பார்க்கலாம். அக்காவும் தங்கச்சியும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கறி மாற்றிக்கொள்வதும் இதனால்தான்.

அப்படியானால் அண்ணன் தம்பிமார்? அவர்கள் போய்விடுவார்கள். என் கணவர் களுவாஞ்சிகுடிப் பக்கத்தைச் சேர்ந்தவர். ஐந்து வருடம் கட்டாரில் வேலை செய்து தங்கைக்கு வீடு கட்டியவர். அத்திவாரம் வெட்டிய அன்றும் நிலை வைத்த அன்றும் விடுமுறையில் வந்து நின்று, மேசனோடு சேர்ந்து சீமெந்து குழைத்தவர். அந்த வீட்டுக்கு இப்போது போனால், தங்கை கணவர் கதிரையை இழுத்துப் போட்டு "இருங்கள் மச்சான்" என்கிறார். அன்போடுதான் சொல்கிறார். ஆனாலும் தான் குழைத்த சீமெந்தின் மேல் நின்றுகொண்டு ஒரு மனிதர் விருந்தாளியாக உட்கார வேண்டியிருக்கிறது. இத்தனை வருடமாக நான் இதை யோசித்ததே இல்லை. என் அம்மா எனக்குத் தந்த வீட்டுக்கு அவர் வந்தார், வாழ்கிறோம், அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன். இயக்குநர் பிரேம்குமாரின் மெய்யழகன் அன்று இரவு அதைக் கிளறிவிட்டது.

பிறகு திரும்பி வந்து படத்தை முழுவதும் பார்த்தோம். அதற்குப் பின்வந்த வாரங்களில் வீட்டிலும் தியேட்டரிலுமாக நாங்கள் பார்த்தவற்றில் என் மனதில் நின்ற படங்கள் எல்லாமே வீட்டைப் பற்றியவையாக அமைந்துவிட்டன. தேடி எடுக்கவில்லை. இடையில் மகனுக்காக இரண்டு மூன்று சண்டைப் படங்களும் ஓடின. அவற்றில் எனக்கு நினைவிருப்பது காதடைக்கும் சத்தம் மட்டும்தான், அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மெய்யழகன் 2024-ல் வந்த படம். அரவிந்த்சாமியின் அருள், ஊரைவிட்டுப் போய் இருபத்திரண்டு வருடம் கழித்து, சித்தப்பா பெரியப்பா முகங்களைத் தவிர்த்துக்கொண்டு, ஒரே ஒரு தங்கையின் திருமணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அங்கே கார்த்தி "அத்தான், அத்தான்" என்று காலைச் சுற்றுகிறார். அவர் யார், பெயர் என்ன என்று அருளுக்கு நினைவில்லை. கேட்கவும் வெட்கம். அந்தப் பெயர் தெரியாத தவிப்பிலேயே இரவு முழுக்கப் படம் நடக்கிறது.

கூத்துப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது விசித்திரமாகவும் அழகாகவும் பட்டது. எங்கள் கூத்தில், வடமோடியானாலும் தென்மோடியானாலும், முதலில் கட்டியகாரன் வந்து யார் வரப்போகிறார் என்று அறிவிப்பான். அதன்பின் பாத்திரம் களரிக்கு வந்து வரவு ஆடும். இன்னார் இன்ன ஊர், இன்ன பெருமை என்பதெல்லாம் பாட்டிலேயே தெரிந்துவிடும். பெயர் தெரியாமல் யாரும் களரியில் கால் வைப்பதில்லை. இந்தப் படமோ அதைத் தலைகீழாக்குகிறது. ஒருவனின் அன்பு முழுவதும் முதலில் வந்துவிடுகிறது. பெயர் கடைசியில்தான் வருகிறது. கூத்துப் பழக்குகிற எங்கள் அண்ணாவியார் யாராவது இதைப் பார்த்திருந்தால், வரவை இப்படிக் கடைசிக்குத் தள்ளலாமா என்று ஒரு இரவு முழுக்க வாதாடியிருப்பார்.

படம் நீளம் என்று சொன்னார்கள். திரைக்கு வந்த சில நாட்களிலேயே பதினெட்டு நிமிடம்போல வெட்டிக் குறைத்தார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இரவு தொடங்கி விடியும்வரை கூத்துக் களரியைச் சுற்றிப் பாய் விரித்து இருந்து, நடுவில் பிள்ளைகளை உறங்க வைத்து, பிறகு எழுப்பிப் பார்க்க வைத்த சனங்கள் நாங்கள். இரண்டு பேர் திண்ணையில் இருந்து கதைப்பதை மூன்று மணி நேரம் பார்க்கப் பொறுமை இல்லை என்றால், குறை படத்தில் இல்லை. ஜல்லிக்கட்டுக் காளை வரும் பகுதியில் எனக்குக் கொஞ்சம் அலுப்புத் தட்டியது உண்மை. ஆனால் அதற்கும் கத்தரி மருந்தல்ல.

தங்கை புவனாவுக்கு மணமேடையில் அருள் நகை போட்டுவிடும் காட்சியை நான் மூன்று முறை பார்த்துவிட்டேன். அவர் குனிந்து கொலுசு மாட்டும்போது என் கணவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கைக்குக் கொடுப்பதற்காகவே உழைத்த ஆணின் கை அது. அந்தக் கை எங்கள் ஊரில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. கட்டார், சவூதி, துபாய் என்று போய்வந்து, தலை நரைத்த பிறகு தனக்குத் திருமணம் பேசுகிறது.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். வீட்டை இழந்தவர்களில் அருளும் அவருடைய அப்பாவும் மனதில் பதிகிறார்கள். அந்த வீட்டில் சமைத்து, கூட்டி, கோலம் போட்ட அம்மா என்ன பாடுபட்டாள் என்பதைப் படம் போதிய அளவு கேட்கவில்லை. தேவதர்ஷினி, ஸ்ரீதிவ்யா போன்ற நல்ல நடிகைகள் இருந்தும் அவர்களுக்குப் பேச அதிகம் கிடைக்கவில்லை. வீடு தகப்பன்வழி வருகிற மண்ணின் கதை அப்படித்தான் இருக்கும்போலும். வீட்டை இழந்தவள் என்றால் எனக்கு முதலில் ஒரு பெண் முகம்தான் கண்ணுக்குள் வருகிறது. நான் பிறந்த மண் அப்படி.

அடுத்து 3 பிஎச்கே. ஸ்ரீ கணேஷ் இயக்கி 2025-ல் வந்தது. சரத்குமாரும் தேவயானியும் தம்பதியாக வருகிறார்கள் என்றதும் அம்மா தன் சாய்மனைக் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். 1997-ல் சூரியவம்சம் பார்த்த தலைமுறைக்கு அந்த ஜோடி சொந்தக்காரர் மாதிரி. கதை நேரானது. ஒரு நடுத்தரக் குடும்பம் சொந்த வீடு வாங்கக் காசு சேர்க்கிறது. சேர்ந்த காசை மகனின் படிப்பு, தகப்பனின் நோய், மகளின் திருமணம் என்று ஒவ்வொன்றாக வந்து விழுங்குகிறது. மறுபடி பூச்சியத்திலிருந்து சேர்க்கிறது.

தோல்விக்கு மேல் தோல்வி என்று ஒரே தாளத்தில் போவதால் நடுவில் களைத்துவிடுகிறோம். ஆனால் காசு எப்படிக் கரைகிறது என்பதை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய படம் அண்மையில் வேறொன்றை நான் பார்க்கவில்லை. சித்தார்த் பள்ளிப் பையனாகவும் வருகிறார் என்பதைக் கேட்டபோது நம்பிக்கை இல்லாமல்தான் இருந்தேன். தோள் தொங்கிய அந்த நடை என்னை மாற்றிவிட்டது. படிப்பு ஏறாத பிள்ளைகளை வகுப்பில் தினமும் பார்க்கிற ஆசிரியை நான். அந்த நடை எனக்கு நன்றாகத் தெரியும்.

என்னை உறுத்தியது மகள் ஆர்த்திதான். குடும்பம் முழுவதும் வீட்டுக்காக ஓடுகிறது. அவளும் விட்டுக்கொடுத்துக்கொண்டே ஓடுகிறாள். ஆனால் அவள் திருமணமாகி இன்னொரு வீட்டுக்குப் போகிறாள். அவள் "போகிறாள்" என்பதை அங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை, அது இயல்பாக நடந்துவிடுகிறது. என் அம்மா கேட்டார்: "அந்தப் பெண்பிள்ளைக்கு எழுதத்தானே வீடு, மகள்?" நான் படத்தை நிறுத்தி விளக்கினேன். அங்கே அப்படி இல்லை அம்மா, மகனுக்குத்தான் பொறுப்பு, மகனோடுதான் பெற்றோர் இருப்பார்கள் என்றேன். அம்மா சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்படியானால் மருமகள்காரியிடம் தாய் தகப்பன் சோறு கேட்டு நிற்க வேண்டும்" என்றார். மீதிப் படத்தை அவர் ஒருவித அனுதாபத்தோடு பார்த்தார். தேவயானி சிரிக்கிற இடங்களிலும் அம்மாவுக்குக் கவலைதான்.

எங்கள் முறை மேலானது என்று சொல்ல வரவில்லை. சொல்லவும் மாட்டேன். வீடு இல்லாத பெண்ணைக் கேட்டு வர இங்கே ஆளில்லை. நான்கு பெண்பிள்ளைகள் பிறந்த வீட்டில் தகப்பன் இளமையிலேயே கூனிப்போகிறார். அண்ணன் வெளிநாட்டில் கருகுகிறான். போரில் வீடும் போய், கட்டித்தரச் சகோதரனும் போய், அதனாலேயே திருமணம் நடக்காமல் நின்ற பெண்கள் என்னோடு படித்தவர்களிலேயே இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி ஒரு 3 பிஎச்கே எடுக்க ஒருவரும் வரவில்லையே என்ற ஏக்கம்தான் எனக்கு. நல்லது கெட்டது இரண்டும் நிறைந்த இந்தக் கதை இங்கே கிடக்கிறது.

டூரிஸ்ட் ஃபேமிலியை மட்டும் தியேட்டரில் பார்த்தோம். மாலைக் காட்சி. கல்லடிப் பாலம் கடந்து போகும்போது வாவியில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. உள்ளே குளிரூட்டி சரியாக வேலை செய்யவில்லை. திரையின் ஒரு மூலையில் வெளிச்சம் மங்கலாக விழுந்தது. ஆனாலும் நிறைந்த கூட்டம். குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள், கைக்குழந்தைகளோடுகூட.

சசிகுமாரும் சிம்ரனும் இரண்டு பையன்களோடு பொருளாதார நெருக்கடிக்குத் தப்பி, இரவில் படகேறி ராமேஸ்வரம் கரையில் இறங்குகிறார்கள். இயக்குநர் அபிஷன் ஜீவிந்துக்கு இது முதல் படம். மிகவும் இளைஞர். தொடக்கக் காட்சியிலேயே சிரிப்பு வரும்படிதான் எடுத்திருக்கிறார், கூட்டமும் சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு கனம் இருந்ததை நான் உணர்ந்தேன். 2022-ஐ இங்கே யார் மறந்திருக்கிறார்கள்? ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு. எரிவாயு சிலிண்டரை வரிசையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே படுத்தவர்கள். பெற்றோலுக்கு நின்ற வரிசையில் நானும் மகனும் மாறிமாறி நின்றோம். அந்த மாதங்களில் உண்மையாகவே படகேறிப் போய், மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்ட குடும்பங்கள் உண்டு.

அதனால்தான் படத்தின் இனிப்பு எனக்குச் சில இடங்களில் அதிகமாகப் பட்டது. சென்னையின் ஒரு குடியிருப்புத் தெருவில் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் நல்லவர்களாகிவிடுகிறார்கள். கரையிறங்கியவர்களுக்கு அப்படி ஒரு தெரு வாய்த்ததா? வாய்த்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற படம் இது. அந்த ஆசையை நான் மதிக்கிறேன். தெருவில் ஒரு மூதாட்டி இறந்தபோது சசிகுமார் வீடு வீடாகப் போய் ஆட்களைத் திரட்டும் இடத்தில் தியேட்டர் அமைதியாகிவிட்டது. செத்த வீட்டுக்கு அயலவர் போகாமல் இருப்பது எங்களுக்கு விளங்காத காரியம். எங்கள் ஊரில் ஒரு வீட்டில் சாவு என்றால் அந்த ஒழுங்கையில் அடுப்பெரியாது. அயல் வீட்டிலிருந்து தேநீர் போகும், பந்தல் கட்ட இளைஞர்கள் சொல்லாமலே வருவார்கள். சசிகுமாரின் தர்மதாஸ் சென்னைக்குக் கொண்டுபோன ஒரே சாமான் அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

பேச்சு பற்றியும் சொல்லியாக வேண்டும். வெளியில் வாய் திறக்காதீர்கள், பேச்சில் பிடிபட்டுவிடுவீர்கள் என்று அந்தக் குடும்பத்துக்கு யோகி பாபு சொல்கிறார். திரையில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கோ சோதனைச்சாவடி வரிசைகள் நினைவுக்கு வந்தன. கொழும்பு போகும் பஸ்ஸில், இறங்கி நடக்கிற இடங்களில், நாங்களும் வாயை மூடிக்கொண்டு நடந்திருக்கிறோம். தாய்மொழி காட்டிக்கொடுத்துவிடும் என்று பயப்படுவது எப்படி இருக்கும் என்று சிம்ரனின் கண்கள் சில கணங்களில் சரியாகச் சொல்லிவிட்டன.

அவர்கள் பேசியது வடக்குத் தமிழ். கதைக்கு அது பொருத்தம், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் தமிழ்நாட்டுத் திரையில் இலங்கைத் தமிழ் என்று வந்தால் எப்போதும் அந்த ஓசையின் ஏதோ ஒரு சாயல்தான் வருகிறது. "மறுகா" என்று ஒருவர் சொல்லி நான் திரையில் கேட்டதில்லை. பிறகு, அப்புறம் என்பதற்கு எங்கள் சொல் அது. "என்னகா", "வாகா" என்று பாசத்தோடு இழுக்கிற அந்தக் "கா"வும் வந்ததில்லை. திரும்பி என்பதற்கு நாங்கள் சொல்லும் "கிறுகி" வந்ததில்லை. இடைவேளையில் இதை மகனிடம் சொன்னேன். அவன், "நீங்களே பள்ளிக்கூடத்தில் அப்படிப் பேசுவதில்லையே அம்மா" என்றான். அது உண்மைதான். வகுப்பறையில் மறுகாவை நான் பிறகு ஆக்கிவிடுகிறேன். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் இந்த ஒரு விஷயம் என்னை விடவில்லை.

வீட்டுப் படங்களாகவே பார்த்துக்கொண்டிருந்ததால், ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பிடிவாதமாக வீடு படத்தைப் போட்டேன். 1988-ல் வந்த படம். பாலு மகேந்திரா எடுத்தது. அவர் எங்கள் ஊர்க்காரர். 1939-ல் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போகும்போதெல்லாம், இந்தத் தெருக்களில் ஓடித் திரிந்த பையன்தானே என்று எனக்கு நினைவு வரும். பள்ளிச் சுற்றுலாவில் கித்துல்கலையில் ஆங்கில இயக்குநர் டேவிட் லீன் படமெடுப்பதைப் பார்த்துச் சினிமாவில் மயங்கியவர். பிறகு புனே போய் ஒளிப்பதிவு படித்துத் தங்கப் பதக்கம் வாங்கினார். முள்ளும் மலரும் படத்தின் ஒளி அவருடையது. மூன்றாம் பிறையின் பனியும் அவருடையதுதான். 2014-ல் போய்விட்டார்.

வீடு படத்தை நான் முதன்முதலில் பார்த்தது சின்னப் பிள்ளையாக. அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் சாமத்தியச் சடங்கோ திருமணமோ நடந்தால், தொலைக்காட்சிப் பெட்டியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டர் போட்டு, விடிய விடிய நான்கு படம் ஓட்டுவார்கள். முற்றத்தில் பாய். முதலில் எம்ஜிஆர், அடுத்து ரஜினி, மூன்றாவது வேறு ஏதோ. நான்காவதாக இதைப் போட்டபோது ஆண்கள் எழுந்து போய்விட்டார்கள். பாட்டில்லை, சண்டையில்லை. பெண்கள் சிலர் மட்டும் இருந்தார்கள். அம்மாவும் அம்மம்மாவும் கடைசிவரை இருந்தார்கள் என்று நினைவு. நான் மடியில் உறங்கிவிட்டேன்.

இப்போது முழுதாகப் பார்த்தேன். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். தாத்தாவும் தங்கையும் தன் பொறுப்பில் இருக்கிற சுதா, அலுவலகச் சம்பளத்தை நம்பி வீடு கட்ட இறங்குகிறாள். இதற்காகச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது வாங்கிய அர்ச்சனாவின் முகத்தில் பூச்சு எதுவும் இல்லை. மழை வந்து வேலை நிற்கிறது. கடனுக்கு அலைகிறாள். ஒப்பந்தகாரர் சீமெந்தைக் களவாக விற்கிறார். அதைச் சுதாவிடம் சொல்பவள் அங்கே சித்தாள் வேலை செய்கிற மங்கம்மா. அம்மா உடனே, "மேசன் மறைத்தாலும் கூலிக்கு மண் சுமக்கிறவள் சொல்லிவிடுவாள்" என்றார். தன் வீட்டு வேலையில் நடந்ததைச் சொல்கிறார் என்று புரிந்தது.

தன் தாய் வீடு கட்டியபோது பட்ட பாடும், அந்த வேலை அவரை மாற்றிய விதமுமே இந்தப் படத்துக்கு விதை என்று பாலு மகேந்திரா சொல்லியிருக்கிறார். இதை வாசித்த பிறகுதான் எனக்குப் பலதும் விளங்கியது. படம் நடப்பது சென்னையில், வளசரவாக்கத்து மனையில். வீடு கட்டுகிறவளோ எங்கள் ஊர்ப் பெண். அப்பா இருக்கிறாரா, அண்ணன் இருக்கிறானா என்று பார்த்துக்கொண்டிராமல், வீடு என்பது தன் காரியம் என்று ஒரு பெண் எழுந்து நிற்பது இங்கே எந்த ஒழுங்கையிலும் நடக்கிறது. காதலன் கோபி கூடவே ஓடுகிறான், உதவுகிறான், ஆனால் வீட்டின் முடிவுகளை எடுக்கிறவள் சுதா. அந்த உறவின் நிறுவை எங்களுக்குப் பழக்கமானது. தமிழ்நாட்டில் இந்தப் படத்தை நடுத்தர வர்க்கத்தின் துயரம் என்று கொண்டாடினார்கள். அது சரிதான். நான் அதற்குள் ஒரு மட்டக்களப்புத் தாயையும் பார்க்கிறேன். என்னை யாரும் மாற்ற முடியாது.

சொக்கலிங்க பாகவதர் தாத்தாவாக வருகிறார். பாதி எழும்பிய வீட்டைப் பார்க்கத் தனியாகக் குடை பிடித்துப் போகிறார். பூசாத சுவரைத் தொடுகிறார். பொக்கை வாயால் சிரிக்கிறார். இளையராஜாவின் ஹவ் டு நேம் இட் தொகுப்பின் இசை மெல்ல வருகிறது. திரும்பும் வழியில் சரிந்துவிடுகிறார். அந்தக் காட்சியில் வெளிச்சம் வெறும் பகல் வெளிச்சம்தான். விளக்குப் போட்டு அழ வைக்கிற வேலை இல்லை. எங்கள் வாவிக்கரையில் பிற்பகல் மூன்று மணிக்கு வருகிற வெளிச்சத்தை அவர் மறக்காமல் கொண்டுபோயிருக்கிறார் என்று நம்ப எனக்கு ஆசை.

அம்மா அந்த நேரம் ஒன்றும் பேசவில்லை. கதிரையின் கைப்பிடியை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

என் அம்மாவின் வீட்டுக் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். கல்லடியில் அம்மம்மா கொடுத்த வீட்டை அம்மா 1998-ல் அக்காவுக்கு எழுதினார். பின்வளவில் எனக்காக இரண்டு அறை எழுப்பினார். கூரை போட்டு, பூச்சு முடியாமல் நின்றது. 2004 டிசம்பர் 26 காலை கடல் வந்து இரண்டையும் கொண்டுபோனது. ஓடியதால் உயிர் தப்பினோம். உறுதிப் பத்திரங்கள் போய்விட்டன. பிறகு நிவாரண வீடு கட்டித்தர வந்தவர்கள் படிவம் தந்தார்கள். அதில் குடும்பத் தலைவர் பெயர் என்று ஒரு கோடு. அக்காவின் கணவர் பெயரை எழுதச் சொன்னார்கள். அம்மா மறுத்துவிட்டார். வீடு மகளுடையது, மகளின் பெயர்தான் எழுத வேண்டும் என்று அந்த மேசைக்கு முன்னால் நின்றார். வந்தவர்களுக்கு விளங்கவில்லை. ஏழெட்டு முறை அலைந்தார். பத்திரப் பிரதி எடுக்கக் காணிப் பதிவகத்துக்கு, கிராம சேவகரிடம், மறுபடி படிவக்காரரிடம். அத்தானும் தன் பெயர் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தார், அந்த மனிதரை நான் என்றும் மறக்கமாட்டேன். கடைசியில் இரண்டு வீடும் இரண்டு மகள்மாரின் பெயருக்கே வந்தன. 2007-ல் நாங்கள் குடிபுகுந்தோம்.

இவ்வளவும் செய்து முடித்த கைதான் அன்று கதிரையைத் தடவியது.

படத்தின் முடிவில், அந்த நிலம் ஏற்கெனவே குடிநீர்த் திட்டத்துக்காக எடுக்கப்பட்டுவிட்டது என்று அதிகாரிகள் வந்து சொல்கிறார்கள். அங்கீகாரம் கொடுத்தது ஒரு அலுவலகம், எடுத்தது இன்னொரு அலுவலகம். சுதா நீதிமன்றம் போகிறாள். வழக்கு என்ன ஆனது என்று சொல்லாமலே படம் நின்றுவிடுகிறது. பெயர்கள் ஓடத் தொடங்கின. மகன் எழுந்தான். கணவர் மின்விசிறியைக் கூட்டினார்.

அம்மா திரையைப் பார்த்தபடியே இருந்தார்.

"மறுகா?" என்றார்.

"அவ்வளவுதான் அம்மா. படம் முடிந்துவிட்டது."

"முடியவில்லையே. வழக்கு நடக்கிறது."

இயக்குநர் அப்படித்தான் விட்டிருக்கிறார் என்று விளக்கிப் பார்த்தேன். ஏற்கவில்லை. இரவு சாப்பிடும்போது, சுதா தாத்தா பெயரில் இருந்த பழைய உறுதியையும் அங்கீகாரம் கொடுத்த கடிதத்தையும் ஒன்றாக வைத்து, வேறு ஒருவரிடமும் கொடுக்காமல், பிரதியை மட்டும் கொடுத்துவர வேண்டும் என்றார். அசலைக் கொடுத்தால் திரும்ப வராது என்றார். கணவர் தலையாட்டினார். எங்கள் ஊர்ப் பையன் எடுத்த படம் அம்மா, அமிர்தகழிப் பையன் என்று சொன்னேன். "அப்படியானால் அவனுக்குத் தெரிந்திருக்கும், சொல்லியிருக்கலாமே" என்றார்.

மறுநாள் காலை நான் பள்ளிக்கூடத்துக்குச் சேலை உடுத்திக்கொண்டிருந்தபோது, அம்மா அலுமாரிக்குக் கீழிருந்து தன் பிஸ்கட் தகரத்தை இழுத்து எடுத்திருந்தார். கடலுக்குப் பிறகு வீட்டு உறுதிகளை இரண்டு பொலித்தீன் பைகளில் சுற்றி அதில்தான் வைத்திருக்கிறார். கட்டிலில் பிரித்துப் போட்டு, அக்காவின் பெயரையும் என் பெயரையும் கண்ணாடி போட்டு வாசித்துப் பார்த்தார். பிறகு சுற்றி மூடிவிட்டு என் கணவரைக் கூப்பிட்டார்.

"மருமகன், உங்கள் தங்கச்சியின் உறுதி எங்கே இருக்கிறது? தகரத்தில் வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் கட்டியதல்லவா, நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும்."

இந்த வெள்ளிக்கிழமை அவர் களுவாஞ்சிகுடிக்குப் போகிறார். மெய்யழகனையும் பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டிருக்கிறார்.